இஸ்தோப்புக் கண்ணாடிக் கதவு

மாத்தளையிலேருந்து வில்கமுவ வரைக்கும், மலை ஏறி இறங்கி, அத்தனை வளைவுலயும் பஸ் ஓட்டத் தெரிஞ்ச மனுஷனுக்கு, சொந்த வீட்டுக் கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ள வரத் தெரியல. இதைக் கொஞ்ச நாள் சிரிச்சுக்கிட்டே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன். அப்புறம் எரிச்சலோட சொன்னேன். அப்புறம் வெளிய சொல்றதையே விட்டுட்டேன். எங்க வீட்டுக்காரரு பின்னாடி தெனமும் ஒரு பஸ் நெறைய சனம் உக்காந்திருந்துச்சு, அதை நெனைச்சா சொல்ல வாய் வரல.

அந்தக் கதவை நான் கேக்கல. அதை மொதல்ல சொல்லிடணும். பலாபத்வலயில மெயின் ரோட்டுலேருந்து கொஞ்சம் உள்ள தள்ளி எங்க வீடு. முன்பக்கம் ரோட்டுப் புழுதி. பின்பக்கம் மிளகுக்கொடி ஏத்துன மரங்க, அதுக்கு மேல மலை. பின் இஸ்தோப்புக்கு, அதான் வராந்தாவுக்கு, போறதுக்கு நல்ல பலாப்பலகைக் கதவு ஒண்ணு இருந்துச்சு. கோபம் வந்தா அதை அடிச்சுச் சாத்துறதுல ஒரு திருப்தி உண்டு, தெருமுனை வரைக்கும் கேக்கும். எங்க வீட்டுக்காரரு ஒரு கல்யாண ஹயருக்கு, வாடகை ஓட்டத்துக்கு, தம்புள்ளப் பக்கம் ஏதோ ஹோட்டலுக்குப் போனாரு. அங்க தரையிலேருந்து மேல வரைக்கும் கண்ணாடியா ஒரு கதவு, தள்ளினா ஓடுற கதவு, அதைப் பார்த்துட்டு வந்தவருக்குப் பைத்தியம் பிடிச்சுப் போச்சு.

"வீட்டு ஹோல்ல உக்காந்துக்கிட்டே மலையைப் பார்க்கலாம் புள்ள."

"மலையைப் பார்க்கணும்னா இஸ்தோப்புல போய் உக்காருங்க. யாரு கையைப் பிடிச்சா?"

கேட்டாரா? சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். நல்ல கதவைக் கழட்டி, செவுத்தை இடிச்சு, ரெண்டு பெரிய கண்ணாடியைக் கொண்டாந்து மாட்டினாங்க. ஒண்ணு அசையாது, இன்னொண்ணு அலுமினியத் தடத்துல ஓடும். மாட்டுன பாஸ், அந்த வேலைக்காரன், போகும்போது என்னைப் பார்த்து, "ஒண்ணும் கஷ்டமில்ல நோனா, ஒரு ஈரத்துணி போதும்"னு சொல்லிட்டுப் போனான். அந்த ஆளை எங்கயாவது பஸ் ஸ்டாண்டுல பிடிச்சா அந்த ஈரத்துணியை அவன் கழுத்துல போட்டுவிடணும்.

கல்யாணத்துக்கு முந்தியும் பிந்தியும் கார்மென்ட்ல குவாலிட்டி பார்த்தவ நான். ஆயிரம் சட்டை வரிசையா வந்தாலும் எண்ணெய்ப் பொட்டு விழுந்த ஒண்ணு என் கண்ணுல குத்தும். அப்படிப்பட்டவ வீட்டுல கொண்டாந்து ஒரு ஆள் உசரத்துக்கு மேல கண்ணாடியை மாட்டினா என்ன ஆகும்? வெங்காய லொறி ஒண்ணு ஹோர்ன் அடிச்சுக்கிட்டுப் போனா அந்தப் புழுதி வீட்டைச் சுத்தி வந்து பின்கண்ணாடியில உக்காரும். பல்லி எச்சம் மேலேருந்து கீழ கோடு போடும். மழை விட்ட அன்னைக்கு ஈசல் வந்து மோதி, எறக்கையைக் கொட்டிட்டுச் செத்துப் போகும். மொட்டைப் பனிக்காலத்துல உள்பக்கம் வேர்த்து ஒழுகும். குரங்கு ஒண்ணு வந்து கண்ணாடியில தன் மூஞ்சியைப் பார்த்து எவனோ வேற குரங்குன்னு நெனைச்சு பல்லைக் காட்டி, ரெண்டு கையாலயும் அறைஞ்சுட்டுப் போச்சு. விரல் விரலாத் தடம், தெளிவா. அதையும் நான்தான் தொடைச்சேன்.

தொடைக்கிறதுலயும் வெயில்ல தொடைச்சா கோடு விழும், வெள்ளன எந்திரிச்சு வெயில் வர முந்தியே தொடைக்கணும். தண்ணியில கொஞ்சம் வினாகிரி ஊத்தித் தொடைச்சு, பழைய பேப்பரைக் கசக்கித் தேய்க்கணும். உள்பக்கத்தைக் குறுக்க தேய்ப்பேன், வெளிப்பக்கத்தை மேலேருந்து கீழ தேய்ப்பேன். அப்பத்தான் கோடு விழுந்தா எந்தப் பக்கம்னு தெரியும். இதெல்லாம் யாரும் சொல்லித் தரல, திட்டிக்கிட்டே கத்துக்கிட்டது.

அந்தத் தடம் இருக்கே, அது தனிக் கொடுமை. இஸ்தோப்புல மிளகு காயப் போடுவோம். கால்ல ஒட்டி, வெளக்குமாத்துல உருண்டு, ஒவ்வொரு மிளகும் எங்க போகணுமோ அங்க போகாம அந்தத் தடத்துக்குள்ள போய் விழும். ஒரு மிளகு சக்கரத்துக்குக் கீழ மாட்டினா போதும், கதவு கிரீச்னு நிக்கும். மழைத்தண்ணி வடியறதுக்குன்னு தடத்துல சின்னச் சின்ன ஓட்டை வச்சிருக்கான். அதுல குளவி வந்து மண்ணை வச்சு அடைக்கும். அப்ப தண்ணி எங்க போகும்? ஹோலுக்குள்ள வரும். வெளக்குமாத்து ஈர்க்கும் பழைய டூத் பிரஷ்ஷும் வச்சுக்கிட்டு நான் குந்தி உக்காந்து நோண்டுவேன். இடுப்பு விட்டுப் போகும்.

இதைப் பார்த்துட்டு எங்க வீட்டுக்காரரு ஒதவி பண்றேன்னு வந்தாரு. பஸ்ஸுக்கு அடிக்கிற கிரீஸை ஒரு டப்பாவுல கொண்டாந்து தடம் முழுக்க அப்பி வச்சாரு. "இப்பப் பாரு, எப்படி ஓடுதுன்னு." ஓடுச்சு, ரெண்டு நாளைக்கு. அப்புறம் புழுதியும் கிரீஸும் மிளகுத் தோலும் சேர்ந்து கருப்பா, களியா, அதுல எறும்பு வேற செத்து மிதந்துச்சு. மண்ணெண்ணெய் ஊத்தி ஊத்தி அதைக் கழுவி எடுக்கறதுக்குள்ள எனக்கு வாயில வராத வார்த்தை கெடையாது. "கதவு என்ன பஸ்ஸா? தடத்துல காய்ஞ்ச துணிதான் படணும், எண்ணெயே படக் கூடாது"ன்னு கத்தினேன். அவரு தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கிட்டு மலையைப் பார்க்கப் போயிட்டாரு. அதுக்கப்புறம் நான் சக்கரத்தைக் கழட்டிக் கழுவி மாட்டி, அந்தக் கதவு ஒரு விரலால தள்ளினாக்கூட ஓடுற மாதிரி ஆக்கி வச்சேன்.

அப்புறந்தான் அந்த எண்ணெய்க் கறை வர ஆரம்பிச்சுச்சு.

எங்க வீட்டுக்காரரு தலைக்குத் தேங்காயெண்ணெய் வைப்பாரு. கொஞ்சமில்ல, வழிய வழிய வைப்பாரு. பஸ்ஸை வீட்டு ஓரமா நிறுத்திட்டுப் பின்பக்கமாத்தான் உள்ள வருவாரு. கதவு தெறந்து கெடக்கும், அவ்வளவு பெரிய வழி. ஆனா அவரு வந்து போனா கண்ணாடி ஓரத்துல, சரியா அவரு நெத்தி உசரத்துல, ஒரு எண்ணெய்த் தடம் இருக்கும். அதுக்குக் கீழ தோள்பட்டை உசரத்துல வேர்வைத் தடம். கண்ணாடியில புழுதி போகும், எச்சம் போகும், எண்ணெய் போகவே போகாது. தேய்க்கத் தேய்க்கப் பரவும்.

"கதவுல தலையைச் சாய்க்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் எங்க சாய்ச்சேன்?"

"அப்ப இந்த எண்ணெய் என்ன, குரங்கு வந்து தேய்ச்சுட்டுப் போச்சா?"

"இருக்கும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அந்த நேரம் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, பழைய பலகைக் கதவு மட்டும் இருந்திருந்தா!

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தவரு நேராவே போய் மூடியிருந்த கண்ணாடியில மோதினாரு. டங்குன்னு சத்தம். நெத்தி வீங்கிப் போச்சு. நான் ஐஸைத் துணியில சுத்திக்கிட்டு ஓடுனா, அவரு என்னைத்தான் திட்டுறாரு. "நீ இப்படிப் பளபளன்னு தொடைச்சு வச்சா கண்ணாடி இருக்கறது மனுஷனுக்கு எப்படித் தெரியும்? வேலை வெட்டி இல்லையா உனக்கு?" ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவை ராத்தான்னுதான் கூப்பிடுவேன், அவங்க சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, "எங்க வீட்டு ஆளும் கொழும்புல ஒரு கடையில இப்படித்தான் முட்டிக்கிட்டாரு, எதையாச்சும் ஒட்டி வைங்க, கண்ணுக்குத் தெரியும்"னாங்க. எல்லாரும் சிரிச்சோம். சுத்தமான கண்ணாடியில யாரும் முட்டத்தானே செய்வாங்க? எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு.

ஒட்டறதுக்கு வீட்டுல என்ன இருக்கு? பொட்டுதான் இருக்கு. குளிக்கப் போகும்போது நெத்திப் பொட்டை எடுத்துக் கண்ணாடியில ஒட்டி வைக்கிறது நம்ம பொம்பளைங்களுக்குப் பழக்கந்தானே. அட்டையிலேருந்து சிவப்புப் பொட்டா, பெருசா, எடுத்து எடுத்து அந்த ரெண்டு கண்ணாடியிலயும் அவரு கண்ணு உசரத்துக்கு வரிசையா ஒட்டினேன். அவரு வந்து பார்த்துட்டு, "என்ன புள்ள, கதவுக்குக் கல்யாணமா? தாலி எப்ப கட்டணும்?"னு கேட்டாரு. "நீங்க முட்டாம இருந்தா அதுவே போதும்"னேன். நேரா முட்டறது நின்னுச்சு. ஆனா அந்த ஓரத்து எண்ணெய்த் தடம் நிக்கல.

ஒரு நாள் சாயங்காலம் அவரு வந்து மேசையில உக்காந்தாரு. தேத்தண்ணி ஊத்தப் போனவ அவரு மூஞ்சியைப் பார்த்தேன். இடது பக்கம், காதுக்குப் பக்கத்துல, தலைமயிரோட சேர்ந்து ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்துச்சு. வயிறு குலுங்கச் சிரிச்சேன். "ஐயோ, மாரியாத்தா வந்துட்டா!"ன்னு கும்பிட்டேன். அவரு தடவிப் பார்த்து எடுத்துட்டு அசடு வழிஞ்சாரு. சிரிச்சுக்கிட்டே கதவைப் போய்ப் பார்த்தேன். ஓரத்துல கடைசியா ஒட்டுன பொட்டைக் காணோம். அது இருந்த எடத்துல எண்ணெய்.

சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. அவ்வளவு பெரிய சிவப்புப் பொட்டு. அது மேலயே போய் முட்டியிருக்காரு. பளபளப்பு மேல பழி போட இனி எடமில்ல. உள்பக்கமாப் போய்ப் பார்த்தேன். வெளிய போகும்போது கதவு வந்து மூடுற பக்கம் செவுரு. அதுலயும் அவரு தோள் உசரத்துல அழுக்கு. உள்ள வரும்போது கண்ணாடி, வெளிய போகும்போது செவுரு, ரெண்டும் அவருக்கு இடது கைப்பக்கம். வலது பக்கம் ஒரு கீறல் கெடையாது. நேரா அவரு முன்னாடி போய் நின்னேன்.

சுத்தி வளைக்காம கேட்டேன். "உங்களுக்கு இடது பக்கம் கண்ணு தெரியுதா?"

"தெரியாம என்ன? ரோட்டுல வர பஸ்ஸோட போர்டை நான் இங்கேருந்து வாசிக்கிறேன், நீ வாசி பார்ப்போம்."

வாசிச்சாரு. கடைசி எழுத்து வரைக்கும் வாசிச்சாரு. என்னாலதான் வாசிக்க முடியல. அதைச் சாட்சியா வச்சுக்கிட்டு வழக்கை முடிச்சுட்டாரு. கண் கிளினிக்குக்குப் போகலாம்னா, இந்த வாரம் முடியாது, ஸ்கூல் விட்டிருக்கு, சனம் ரொம்ப. அடுத்த வாரம்னா, பஸ்ஸுக்கு டயர் மாத்தணும். அதுக்கடுத்த வாரம்னா, மாத்தளையில தேர், ரோட்டை மாத்தி விட்டிருக்காங்க. கண்ணைத் தவிர எல்லாத்தையும் பார்க்க அவருக்கு நேரம் இருந்துச்சு. கொழும்புல வேலை பார்க்குற மகளுக்குப் போன்ல கோல் எடுத்துச் சொன்னா, அவ, "அம்மா, அப்பா தெனமும் ஓட்டுற ரோடு, கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவாரு. நீங்கதான் அந்தக் கதவையே பார்த்துப் பார்த்து ஒரு மாதிரி ஆயிட்டீங்க"ங்கிறா. கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவாராம்! அதைத்தானடி நானும் சொல்றேன்னு போனை வச்சேன்.

வில்கமுவப் பக்கத்து ரோட்டை நெனைச்சுப் பார்ப்பேன். வயல் வரம்புலேருந்து மோட்டார் சைக்கிள் திடீர்னு ஏறி வரும். டிராக்டர் வரும். இடது பக்கந்தானே பஸ் நிக்கிற ஹோல்ட், இடது பக்கந்தானே சனம் நிக்கும், ஸ்கூல் புள்ளைங்க நிக்கும். காலையில அவரு பஸ்ஸை எடுத்தா சாயங்காலம் அந்தச் சத்தம் திரும்பி வர வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. என்ன பண்ணுவேன்? கண்ணாடியைத் தொடைப்பேன்.

அவரோட கண்டக்டரு வஹகோட்டைக்காரரு, நாப்பது வயசு இருக்கும், எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி. மொதல் டிரிப்புக்கு முந்தி வந்து இஸ்தோப்புப் படியில உக்காந்து தேத்தண்ணி குடிச்சுட்டுத்தான் போவாரு. அன்னைக்கு நான் எண்ணெய்த் தடத்தைத் தேய்ச்சுக்கிட்டே, "உங்க டிரைவர் அண்ணன் தெனமும் இதுல முட்டுறாரு. பஸ்ஸைக் கொண்டு போய் எதுலயும் முட்டாம இருந்தா சரி"ன்னேன். அவரு வாயிலேருந்து என்ன வருதுன்னு பார்க்கத்தான் சொன்னேன்.

"அதுக்குத்தானே அக்கா நான் இருக்கேன்."

"என்னது?"

"அண்ணன் சொல்லியிருக்காருல்ல, முன்கதவை விட்டு நகரக் கூடாது, இடது பக்கத்தை நான்தான் பார்த்துச் சொல்லணும்னு. 'வம ஹரி, வம ஹரி'ன்னு கத்திக் கத்தி தொண்டை போச்சு அக்கா." இடது பக்கம் சரி, போகலாம்னு சிங்களத்துல சொல்றது அது. எல்லாக் கண்டக்டரும் எப்பவாவது சொல்றதுதான். வழி நெடுகச் சொல்றவங்களை நான் கண்டதில்ல.

"எப்பலேருந்து?"

"போன வெசாக் பண்டிகைக்கு முந்தியே."

"நீங்க டிக்கெட் போடப் பின்னாடி போகும்போது?"

அவரு கோப்பைக்குள்ள பார்த்தாரு. "அப்ப அண்ணன் கொஞ்சம் மெதுவாப் போவாரு."

அப்படின்னா இந்த மனுஷனுக்குத் தெரியும். எனக்கு முந்தியே தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் போர்டு வாசிச்சுக் காட்டியிருக்காரு, நெத்தியில வீக்கத்தோட என்னைத் திட்டியிருக்காரு. அவரு சாப்பிட வந்ததும் நான் சோத்துத் தட்டை வைக்கல, கண்டக்டரு சொன்னதைத்தான் முன்னாடி வச்சேன்.

"எல்லா டிரைவரும் கண்டக்டர்கிட்ட இடது பக்கம் கேக்குறதுதான்"னாரு.

"நான் என்ன பஸ்ஸே ஏறாதவளா?"

அப்புறம் குரல் எறங்கிச் சொன்னாரு. "டொக்டர்கிட்ட போனா என்ன சொல்லுவான்? ஓட்டாதன்னுவான். வேற எனக்கு என்ன தெரியும்? இந்தக் கதவுக்கு முன்னாடி உக்காந்து மலையைப் பார்த்துக்கிட்டு இருக்கவா?"

"அதுக்குத்தானே மாட்டினீங்க!"

சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் அவரு மூஞ்சியைப் பார்க்க எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா விடல. போயா, பௌர்ணமி லீவு, கழிஞ்சு மறுநாள் கிளினிக்குக்குப் போகணும், போகலன்னா பஸ் மொதலாளி வீட்டு வாசல்ல போய் நின்னு நானே சொல்லுவேன்னு சொன்னேன். "நீ செய்ய மாட்டே"ன்னாரு. "செய்வேன்"னேன். அந்த நேரம் அவருக்கு என்னைப் பிடிக்கல. எனக்கும் அவரைப் பிடிக்கல.

போயா அன்னைக்கு அவருக்கு ஓட்டமில்ல, வீட்டுல இருந்தாரு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு ஹோல்ல டிவியைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. எனக்கு இருந்த எரிச்சலுக்கு வேலை வேணும். கதவைத் தெறந்து போட்டுட்டு வாசப்படியோரம், கதவு வந்து மூடுற எடத்துல, தடத்துக்கு வெளிப்பக்கமாக் குந்தி உக்காந்து நோண்ட ஆரம்பிச்சேன். குளவி மறுபடியும் ஓட்டையை அடைச்சிருந்துச்சு. மஞ்சள் கவுன் போட்டிருந்தேன், பளிச்சுன்னு. தூறல் விழுந்துச்சு, காத்துக்குச் சாரல் உள்ள அடிச்சுச்சு. அவரு எந்திரிச்சு வந்தது கால் சத்தத்துல தெரிஞ்சுச்சு. என்னைப் பார்த்து ஏதாவது சொல்லுவாரு, நானும் திருப்பிச் சொல்லலாம்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தேன்.

கதவைத் தள்ளினாரு. நான் கழுவி, சக்கரம் மாட்டி, ஒரு விரலால ஓடுற மாதிரி வச்சிருந்த கதவு. வந்து என் கைமேல ஏறுச்சு.

நான் போட்ட சத்தத்துல ராத்தா வீட்டு நாய் குலைச்சுச்சு. அவரு என்ன பண்ணாரு தெரியுமா? கதவை அழுத்திப் பிடிச்சபடியே நேரா வெளிய, மிளகுக்கொடி பக்கம் பார்த்து, "யாரு? யாரு கத்துறது? எங்க புள்ள நீ?"ன்னு கேக்குறாரு. நான் அவரு கால்கிட்ட இருக்கேன். இடது கைப்பக்கம், எட்டிப்பிடிக்கிற தூரம். அப்புறம் தலையை முழுசாத் திருப்பினாரு. அப்பத்தான் கண்டாரு. கண்டதும் கையை விட்டுட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாரு.

"உக்காராதீங்க! கதவைப் பின்னுக்குத் தள்ளுங்க! ஐயோ கடவுளே, மொதல்ல கதவைத் தள்ளுங்க!"

தள்ளினாரு. ஒரு விரல்ல நகம் பிஞ்சு தொங்குச்சு, இன்னொண்ணு வளைஞ்சு கெடந்துச்சு. ராத்தா தலையில போட்டிருந்த ஷோலைக் கழட்டிக் கையில சுத்திவிட்டாங்க. த்ரீவீலர்ல மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்கு வலியில திட்டக்கூட முடியல, அது ஒரு தனி வேதனை.

தையல் போட்டு, எலும்பு விட்ட விரலுக்குக் கட்டுப் போட்டு வெளிய வந்தேன். அவரு வாங்குல, அந்த நீளப் பெஞ்சுல, உக்காந்திருந்தாரு. சட்டையில என் ரத்தம். பக்கத்துல போய் உக்காந்தேன், அவருக்கு வலது பக்கமாப் பார்த்து உக்காந்தேன். சொல்றதுக்கு வச்சிருந்ததெல்லாம் நாக்கு நுனியில நின்னுச்சு. அவருதான் மொதல்ல பேசினாரு.

"ஹோல்ட்டுல நிக்கிற சின்னப் புள்ளைங்க அந்த உசரந்தான் புள்ள. நீ குந்தியிருந்தியே, அந்த உசரந்தான்."

அப்புறம் எந்திரிச்சுப் போனாரு, தாதி ஒருத்தரைப் பிடிச்சு, கண் கிளினிக் எந்த நாள், எந்தப் பக்கம்னு அவரே கேட்டுக்கிட்டு வந்தாரு.

கிளினிக்ல ஒரு மெஷினுக்குள்ள மூஞ்சியை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னாங்க. நான் பக்கத்துல நின்னேன். அமுக்குவாரு அமுக்குவாருன்னு பார்த்துக்கிட்டே நின்னேன். கையில பொத்தானை வச்சுக்கிட்டு சும்மாவே ரொம்ப நேரம் இருந்தாரு. கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி, இடது கண்ணு பெரும்பகுதி போயிருச்சு, வலது கண்ணுலயும் இடது பக்கத்து ஓரம் போயிருச்சுன்னு டொக்டர் சொன்னாரு. வலிக்காது, நேராப் பார்த்தா எல்லாம் தெரியும், அதனால ஆளுக்கே தெரியாம போகுமாம். போனது வராது, சொட்டு மருந்து விட்டா மிச்சத்தைக் காப்பாத்தலாம்னாரு. பஸ்ஸைப் பத்தி இவரு கேக்கல. டொக்டர் அவராவே சொன்னாரு.

மறுநாள் மொதலாளி வீட்டுல போய்ச் சாவியைக் கொடுத்துட்டு நடந்தே வந்தாரு. கண்டக்டரு மட்டும் சாயங்காலம் வந்து படியில உக்காந்து தேத்தண்ணி குடிச்சுட்டு, என்கிட்ட மூஞ்சி கொடுக்காமலே போனாரு.

என் கையில கட்டு. கதவு ஒரு வாரமா யாரும் தொடாம கெடந்துச்சு, புழுதியும் எச்சமும் ஈசல் எறக்கையுமா. நான் பார்த்துப் பார்த்து நொந்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் வெள்ளன பார்த்தா, வாளியைத் தூக்கிக்கிட்டு அவரு நிக்கிறாரு. தொடைக்கிறாராம். பஸ் கழுவுற மாதிரி ஒரே வீச்சா தண்ணியை விட்டெறிஞ்சாரு, பாதி ஹோலுக்குள்ள வந்துச்சு. "ஐயோ, ஊத்தாதீங்க, நனைச்சுத் தொடைங்க! குறுக்க, குறுக்க! பேப்பரைக் கசக்குங்க, விரிச்சு ஒட்டாதீங்க! அது கண்ணாடி, போஸ்டர் ஒட்டுற செவுரு இல்ல!" ஒத்தைக் கையை ஆட்டி ஆட்டி நான் கத்தினேன். அவரும் திருப்பிக் கத்தினாரு. ரொம்ப நாளைக்கப்புறம் ரெண்டு பேரும் நல்லாச் சண்டை போட்டோம்.

முடிச்சுட்டு, சாரத்துல கையைத் தொடைச்சுக்கிட்டு, ரெண்டடி பின்னுக்கு வந்து நின்னு பார்த்தாரு. நானும் பார்த்தேன். நடுவுல பளிச்சுன்னு இருந்துச்சு, மலை தெரிஞ்சுச்சு. வலது பக்கம் மூலை வரைக்கும் ஒரு கோடு இல்லாம தேய்ச்சிருந்தாரு. இடது பக்கம், மேலேருந்து கீழ வரைக்கும், ஒரு முழம் அகலத்துக்குத் துணியே படல. புழுதி அப்படியே இருந்துச்சு, பல்லி எச்சமும் அப்படியே. நேரா கோடு கிழிச்ச மாதிரி அதோட நின்னு போயிருந்துச்சு.

"எப்படி புள்ள? ஒனக்கு ஓகேயா? எங்கயாச்சும் விட்டுப் போச்சா?"

திட்டறதுக்குத்தான் வாயைத் தெறந்தேன். வந்த கோபம் யாரு மேலன்னு எனக்குத் தெரியல.

"எங்கயும் விடல"ன்னு சொன்னேன். "நல்லா இருக்கு. வாளியை வச்சுட்டு வாங்க, தேத்தண்ணி ஆறுது."